இரண்டாவது டப்பா

“ரெண்டு டப்பாவிலயும் இருந்தது ஒரே ஆள்டதான், ராத்தா.”

துஷாந்தினி குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். கேட்ட றஹீமாவின் கண் உள்ளறைப் பக்கம் போனது.

சொன்னவள் காரைதீவுப் பெண். பல்கலைக்கழகத்து ஆராய்ச்சிக் குழு ஒன்றில் வேலை. யுத்தம் முடிந்து பாதைகள் திறந்ததிலிருந்து இப்படி எத்தனையோ குழுக்கள் கல்முனைக்கு வந்து போய்விட்டன. அதற்கு முன்னால், சுனாமிக்குப் பிறகு, வீடு கட்டித் தர வந்தவர்கள் உண்டு, கக்கூஸ் கட்டித் தர வந்தவர்களும் உண்டு. கக்கூஸுக்குள் போவதை டப்பாவில் போட்டுத் தாருங்கள் என்று கேட்டு வந்தவர்கள் இவர்கள்தான்.

மனிதக் குடலுக்குள் கோடானு கோடி கிருமிகள் குடியிருக்கின்றனவாம். அத்தனையும் கெட்டவை இல்லையாம். எது கூடினால், எது குறைந்தால் என்ன வருத்தம், என்ன நோய் வருகிறது என்று பார்க்கிறார்களாம். பிள்ளைக்கு முதல் கிருமிகள் தாயிடமிருந்து வருகின்றனவாம். ஆகவே தாயுடையதும் வேண்டும், பிள்ளையுடையதும் வேண்டும்.

அந்த ‘ஆகவே’தான் றஹீமாவுக்குப் பிடிக்கவில்லை.

தாயையும் பிள்ளையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவர்கள் எதைத் தேடுவார்கள் என்று இந்தக் கரையில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. சுனாமிக்குப் பிறகு, பிள்ளை யாருடையது என்று ரத்தம் எடுத்துப் பார்த்த காலம் ஒன்று இங்கே இருந்தது. இப்போது ரத்தம் கேட்டால் சனம் உஷாராகிவிடும் என்றுதான் பீயைக் கேட்கிறார்கள். றஹீமா அப்படித்தான் கணக்குப் போட்டாள்.

வீட்டுத் திட்டத்தின் இந்த இரண்டாம் மாடியில் அவளை முன்பு அறிந்தவர்கள் யாருமில்லை. அப்படி ஓர் இடம் பார்த்துத்தான் வந்து குடியேறியிருந்தாள். பிள்ளை றஸ்னாவைப் பறிகொடுத்தால் அவளுக்கென்று வேறு ஒரு சீவன் கிடையாது.

கொடுக்காமல் விடவும் வழியில்லை.

உள்ளறையில் றஸ்னா சுருண்டு கிடந்தாள். ஏழு வயது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். மாதக்கணக்காக வயிற்றோட்டம், அதுவும் ரத்தம் கலந்து. ஆஸ்பத்திரி மருந்தும் கேட்கவில்லை, ஓதிய தண்ணீரும் கேட்கவில்லை. இந்தக் குழுவில் குடல் வருத்தம் பார்க்கிற பெரிய டொக்டர் ஒருவர் இருக்கிறார் என்றார்கள். அதைக் கேட்ட பிறகு எந்தத் தாய் கதவைச் சாத்துவாள்?

ஆகவே போன தடவை இரண்டு டப்பாவையும் நிரப்பியே கொடுத்தாள். இரண்டும் அவளுடையவை.

தாயும் பிள்ளையும் ஒத்துப்போக வேண்டும், அவ்வளவுதானே. ஒத்துப்போனால் சந்தேகம் தீர்ந்தது. பிறகு டொக்டர் பிள்ளையின் கையைப் பிடித்துப் பார்த்து மருந்து எழுதுவார். இவ்வளவு கெட்டித்தனம் தனக்கு எங்கிருந்து வந்தது என்று அவளே வியந்துகொண்டாள்.

இப்போது அந்தக் கெட்டித்தனம் முகத்தில் கரி பூசிவிட்டு நிற்கிறது.

“எந்த உம்மாவும் மகளும் இப்பிடி அச்சொட்டா ஒரே மாதிரி இருக்கமாட்டாங்க. எங்கயோ மாறிப் போயிருக்கும்,” என்று துஷாந்தினி சிரித்தாள்.

சிரிக்கிறவர்களைத்தான் றஹீமா கூடுதலாகச் சந்தேகிப்பாள். எல்லாம் தெரிந்துகொண்டு வந்து சிரிக்கிறாள் இவள். பைக்குள் போன துஷாந்தினியின் கையிலிருந்து றஹீமா கண்ணெடுக்கவில்லை. ஊசி வருமா? பொலிஸ் கடிதம் ஏதும் வருமா?

வந்தது வெறும் டப்பா ஒன்று.

“மகள்டத இதுல தாங்க ராத்தா. முந்தித் தந்தத வெச்சி டொக்டர் மருந்து எழுதினா, அது உங்கட வயித்துக்குத்தான் சரிவரும்.”

றஹீமாவுக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாளும் பிள்ளையைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, அவளுக்கு வரவேண்டிய மருந்தையல்லவா மறித்து வைத்திருக்கிறாள்.

டப்பாவை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். காத்திருக்க வேண்டியிருக்கவில்லை, பிள்ளைக்கு எந்த நேரமும் அதே வேலைதான். கழுவிவிட்டபோது றஸ்னாவின் இடுப்பெலும்பு அவள் கையில் குத்தியது.

திரும்பி வந்து டப்பாவை நீட்டினாள். நீட்டினாளே தவிர விடவில்லை. துஷாந்தினி மெல்ல இழுத்து எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

“கேள்விகளையும் ஒருக்காச் சரிபாப்பம். புள்ள பொறந்த விதம், குடிச்ச பால், எல்லாத்துக்கும் ஏத்தமாதிரித்தான் கிருமிகளும் மாறும். சுகப்பிரசவம்தானே ராத்தா?”

போன தடவை இந்தக் கேள்விக்கு றஹீமா கண்ணிமைக்காமல் ஓம் என்றிருந்தாள். கேட்காமலே வலி வந்த கதையையும் சேர்த்துச் சொல்லியிருந்தாள். இன்றைக்கும் அந்த ஓம் நாக்கின் நுனி வரை வந்துவிட்டது.

உள்ளே பிள்ளை முனகினாள்.

“தெரியா,” என்றாள் றஹீமா.

துஷாந்தினியின் பேனை அப்படியே நின்றது. விளங்கியதும் சிரிப்பு போய்விட்டது. தலையை நிமிர்த்தாமல், மிக மெதுவாக, அடுத்ததைக் கேட்டாள்.

“தாய்ப்பால்?”

“அதும் தெரியா தங்கச்சி. ஆனா நல்லாக் குடுத்திரிக்காங்க. அலைக்குள்ளால நான் தூக்கியெடுக்கக்குள்ள புள்ள கொழுகொழுண்டு இருந்தா.”