கார்குழலி சேர்ந்த மன்றம்

2004இல் விஜயராஜ் கோவில்பட்டி ரயில் நிலையம் அருகே பிரவுசிங் சென்டர் வைத்திருந்தான். குழந்தையைப் பறிகொடுத்த தாய்மார்கள் தமிழில் மனம்விட்டுப் பேச இணையத்தில் ஒரு மன்றம் தொடங்க வேண்டும் என்பது அவன் மனைவி பூங்கொடியின் ஆசை. அவர்களுடைய பெண் குழந்தையும் பிறந்த அன்றே இறந்திருந்தது.

இலவசமாக இடம் தரும் ஒரு தளத்தில் மன்றத்தை அமைத்தார்கள். இன்னும் யாருக்கும் சொல்லவில்லை. ஆனால் உறுப்பினர் பட்டியலில் 'கார்குழலி' என்று ஒரு பெயர் இருந்தது. அந்த மன்றத்தையே அழித்துவிட்டு, வேறு மென்பொருளை வேறொரு இலவசத் தளத்தில் ஏற்றினார்கள். அங்கேயும் கார்குழலி இருந்தாள்.

"ஏட்டி, யாரு இது?"

"நம்ம பிள்ளைக்கு வைக்கணும்னு நெனச்சிருந்த பேரு. உங்ககிட்டகூட நான் சொல்லலையே."

இந்த மன்றத்தையும் அழிக்கப் போன விஜயராஜ் மவுஸிலிருந்து கையை எடுத்தான்.

"ஒண்ணும் எழுதாம இருக்குத ஆள இந்தத் தளத்துக்காரவிய பட்டியல்லருந்து எடுத்துருவாவளா?" என்று பூங்கொடி கேட்டாள்.

"மூணு மாசம் பொறுத்துப் பாப்பாவ. பொறவு எடுத்துருவாவ. ஓசியில தாராவள்லா."

"அப்ப இது வேண்டாம்ங்க."

யாரையும் நீக்காத தளம் ஒன்றைத் தேடிப்பிடித்து அவன் பணம் கட்டினான். திறந்ததும் கார்குழலி இருந்தாள்.

பூங்கொடி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தன் பெயரைத் தட்டி, இரண்டாவது உறுப்பினராகச் சேர்ந்தாள்.