ஒட்டக் கூடாது

நூலகத்தின் பாட்டு அறையில், ஐந்து சிடி போடும் பெட்டி மறுபடியும் மக்கர் செய்தது. மெக்கானிக் அதன் மூடியைக் கழற்ற, நூலகர் கையைப் பிசைந்துகொண்டு பக்கத்தில் நின்றார்.

போன மாதம் அது சிக்கியபோது, "எண்ணெய்க் கையோட சிடியைத் தொட்டா இப்படித்தான் ஆகும்!" என்று உதவியாளரம்மாவை எல்லோர் முன்னாலும் வாங்கு வாங்கென்று வாங்கியிருந்தார். "ஓரத்தைப் பிடிச்சுத்தான் சார் போட்டேன்" என்றவளை, பழைய பேப்பர் கட்டும் அறைக்கு மாற்றியும் விட்டார். அங்கே தூசியில் இருமிக்கொண்டே கட்டுகிறாள்.

அவள் போன பிறகும் பெட்டி சிக்கியது. அதுதான் அவரை உறுத்தியது.

"சிடி அடிப்பக்கமெல்லாம் கண்ணாடி மாதிரி இருக்கு சார். ஒரு விரல் ரேகைகூட இல்ல. போட்டவங்க தங்கமானவங்க" என்றார் மெக்கானிக்.

நூலகர் குனிந்து பெட்டிக்குள் பார்த்தார். "அப்புறம் ஏன் சிக்குது?"

"ஒரு சிடி மேல காகிதம் ஒட்டியிருக்கு. சூட்டுல பசை இளகி, ஓரம் எழும்பி, உள்ள மாட்டிக்கிச்சு. எந்த அறிவாளி பார்த்த வேலையோ!"

கசங்கிய காகிதத்தை இடுக்கியால் இழுத்து விரித்தவர், விழுந்து விழுந்து சிரித்தார்.

"கூத்தைக் கேளுங்க சார்! 'எச்சரிக்கை! சிடியின் மேல் எதையும் ஒட்டக் கூடாது.'"

நூலகர் சிரிக்கவில்லை.

டீ கொண்டுவந்த உதவியாளரம்மா எட்டிப் பார்த்தாள். அவளை மாற்றிய உத்தரவும் இதே குண்டுகுண்டு எழுத்தில்தான் இருந்தது.

"யாரும்மா இதை ஒட்டினது?" என்றார் மெக்கானிக்.

அவள் நூலகரின் முகத்தைப் பார்க்காமல் டம்ளரை அவர் முன்னால் வைத்தாள்.

"யாராவது வந்துபோறவங்களா இருக்கும்" என்றாள், இருமலுக்கு நடுவே.