எட்டு ஆதாரம்

"எட்டு ஆதாரம் இருக்குக்கா! எட்டு பேர் போட்டிருக்காங்க! இன்னும் என்ன வேணும் உங்களுக்கு?"

நிருபர் போனை நீட்டிக்கொண்டே கத்தினான். கடைவீதியில் துணிக்கடை எரிகிறது. அக்கரைக்காரர்கள்தான் கொளுத்தினார்கள் என்று இணையம் முழுக்க ஒரே பேச்சு. இக்கரைக்காரர்கள் கம்பும் கையுமாகப் பாலத்தடியில் கூடிவிட்டார்கள்.

செய்தி ஆசிரியை காதில் போனும் கணினியில் கண்ணுமாக இருந்தாள். தீயணைப்பு நிலையத்தில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுப்பதாகக் காணோம்.

"மத்த சேனல்ல ஓட ஆரம்பிச்சிடும்க்கா. நாம கொட்டாவி விட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கோம்!"

"அந்த எட்டுல யாராவது நேர்ல பார்த்தாங்களா?"

"பார்க்காமலா போடுவாங்க? உங்களுக்குப் பயம். அதான் விஷயம்."

அறையில் இருந்த நாலு பேரும் தலை நிமிர்ந்தார்கள். அவள் திட்டவில்லை. மறுபடி எண்ணை அழுத்தினாள்.

இந்தத் தடவை எடுத்தார்கள். கேட்டாள், எழுதிக்கொண்டாள், வைத்தாள்.

"மின்கசிவாம். கடைக்காரரே கண்ணால பார்த்திருக்கார். உள்ளே மாட்டிக்கிட்ட அவர் தம்பியைத் தூக்கிட்டு வந்ததே அக்கரைக்காரங்க ரெண்டு பேர்தான். அவர்கிட்டயே பேசி, உடனே ஓட்டு!"

கடைக்காரர் அழுதுகொண்டே பேசினார். அது ஒளிபரப்பாகிக் கால் மணி நேரத்தில் பாலத்தடிக் கூட்டம் கலைந்தது. அப்பாடா என்று ஆளாளுக்கு நாற்காலியில் சாய்ந்தார்கள்.

நிருபருக்கு இப்போது வேறு வேகம் பிடித்தது.

"இதைச் சும்மா விடக் கூடாதுக்கா! வதந்தியைக் கிளப்பினவன் எவன்னு கண்டுபிடிச்சு, படத்தோட போடணும். எத்தனை உயிர் போயிருக்கும்! கொஞ்சமாவது பொறுப்பு வேண்டாம்?"

"நீ கத்திக்கிட்டு இருந்தப்பவே தேடிட்டேன் தம்பி. எட்டு பேரும் ஒரே பதிவைத்தான் அவங்கவங்க வார்த்தையில மாத்தி எடுத்துப் போட்டிருக்காங்க."

"முதல்ல போட்டது யாரு?"

அவள் மற்றவர்களுக்குத் தெரியாமல் திரையை அவன் பக்கம் திருப்பினாள்.

'கடைவீதியில் புகை! அக்கரைக்காரர்கள் வேலையாக இருக்குமோ? விவரம் தெரிந்தவர்கள் சொல்லவும்.'

மூன்று பத்துக்கு, பஸ்ஸில் வரும்போது அவனே போட்டது.

அவள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"சொல்லு தம்பி, படம் போட்டுடலாமா?"