வெளியாள்

"லேப்டாப்பை மூடாத. அப்படியே வெச்சுட்டுத் தள்ளி நில்லு!"

அவள் போட்ட சத்தத்தில் அறையே அடங்கிப்போனது. எதிரே நின்றவன் விற்பனையைக் கவனிப்பவன், அவளுடைய அண்ணியின் தம்பி. அண்ணன் அவனை மச்சான் மச்சான் என்று கூப்பிட்டே, பேக்கிங் செய்பவர்கள் வரைக்கும் எல்லோருக்கும் அவன் மச்சானாகிவிட்டான்.

"என்னக்கா ஆச்சு?"

"அதை நீதான் சொல்லணும். நம்ம ஃபைலையெல்லாம் யாருக்குத் திறந்துவிட்டே?"

வளைந்த பாதத்தோடு பிறக்கும் குழந்தைகளுக்குக் காலணி செய்யும் கம்பெனி அது. அண்ணன் மகளுக்கு அப்படி ஒரு பாதம். அவளுக்காக அண்ணனும் தங்கையும் சமையலறை மேசையில் உட்கார்ந்து வெட்டி ஒட்டிய ஜோடிதான் ஆரம்பம். கம்பெனியைப் பதிவு செய்தபோது, "பேர்தான் என் பேர்ல இருக்கும். கம்பெனி நம்ம ரெண்டு பேருது" என்றான் அண்ணன். அவளுக்கு அந்த வார்த்தையே போதுமாக இருந்தது.

அச்சுகளின் வரைபடம், குழந்தைகளின் பாத ஸ்கேன், மருத்துவமனை ஒப்பந்தம் எல்லாம் கிளவுடில், அவள் பொறுப்பில் இருந்தன. யார் எதைப் பார்க்கலாம், யார் பார்க்கக் கூடாது என்று பார்த்துப் பார்த்துப் பூட்டி வைத்திருந்தாள். "என் பிள்ளை காலை ஊரே பார்த்துடக் கூடாதும்மா" என்று கண்கலங்கிய தாய்மாருக்கு அவள் கொடுத்திருந்த வாக்கு அது.

இன்று காலை புது ஸ்கேன் ஒன்றை ஏற்றப் போனாள். ஃபோல்டரின் மூலையில் 'வெளியாள்' என்று ஒரு குறி. பக்கத்திலிருந்த மின்னஞ்சல் முகவரியில் போட்டிக் கம்பெனியின் பெயர். அனுமதி போயிருந்தது அலுவலகப் பொதுக் கணக்கிலிருந்து.

"அந்தக் கணக்கோட பாஸ்வேர்டு எனக்கு, அண்ணனுக்கு, உனக்கு, மூணு பேருக்குத்தான் தெரியும். இங்க வர்றதுக்கு முன்னாடி நீ அந்தக் கம்பெனியிலதானே இருந்தே?"

மச்சானுக்கு முகம் வெளிறியது. வெளியாள் திறந்து பார்த்த ஃபைல்களின் பட்டியலைத் திரையில் குனிந்து பார்த்தான்.

"அக்கா, கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. திருடறவனுக்கு அச்சு கிடைச்சாப் போதுமே. கட்டட வாடகை ஒப்பந்தம், மிஷின் இன்ஷூரன்ஸ், நம்ம சம்பள விவரம்... இதையெல்லாம் எதுக்கு உட்கார்ந்து பார்த்திருக்கான்?"

"சம்பளம் தெரிஞ்சாத்தானே நம்ம ஆளுங்களை இழுக்க முடியும்? எனக்கே பாடம் எடுக்காத."

அப்போதுதான் அண்ணன் உள்ளே வந்தான். விஷயத்தை அவள் படபடவென்று கொட்டினாள். அவன் கையிலிருந்த கார் சாவியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"விடும்மா. நான் பேசிக்கறேன்."

"நீ என்னத்தைப் பேசுவே? அண்ணி மூஞ்சியைத் தூக்கி வெச்சுப்பாங்கன்னு மூடி மறைப்பே. வீட்டு ஆளுன்னு நம்பினதுக்கு நமக்கு நல்லா வேணும்!"

"மாமா, நீங்களாவது சொல்லுங்க" என்றான் மச்சான். "நான் அப்படிச் செய்யறவனா?"

அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "கொஞ்ச நாள் வீட்ல இரு மச்சான்."

மச்சான் மேற்கொண்டு வாதாடவில்லை. கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி நாற்காலி முதுகில் மாட்டினான். வாசல்வரை போனவன் திரும்பி அவளைப் பார்த்தான்.

"வாயும் வயிறுமா இருந்தப்போ என் பொண்டாட்டிக்கு உங்க கையாலதான் சாப்பாடு வரும். நீங்க இப்படிக் கேட்டதுதாங்க்கா தாங்கல."

அவள் மனதைக் கல்லாக்கிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். வெளியாளின் அனுமதியை நீக்கினாள். பொதுக் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றினாள். ஃபோல்டர் ஒன்றுவிடாமல் பூட்டினாள்.

"முடிஞ்சுதுண்ணா. இனிமே ஒரு ஈ நுழையாது."

அண்ணன் சட்டென்று திரும்பினான். "எல்லாத்தையுமா? என்னை ஒரு வார்த்தை கேக்க மாட்டியா?"

"திருடனை வெளிய தள்ள யாரைக் கேக்கணும்?"

அவன் உதட்டைக் கடித்துக்கொண்டான். அவள் மேலும் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் மேசை மேலிருந்த அவனுடைய போன் ஒலித்தது. அவன் பாய்ந்து எடுக்க வந்தான். அவள் முந்திக்கொண்டாள்.

"அண்ணியாத்தான் இருக்கும். அதுக்குள்ள தம்பி போய்ச் சொல்லியிருப்பான். நானே பேசறேன்" என்று ஸ்பீக்கரைத் தட்டினாள்.

அண்ணி இல்லை. தணிந்த ஓர் ஆண்குரல் பேசியது.

"வணக்கம் சார். தொந்தரவுக்கு மன்னிக்கணும். இவ்வளவு நேரம் நல்லாத்தான் இருந்துச்சு, இப்ப உங்க ஃபைல் ஒண்ணும் திறக்க மாட்டேங்குது."

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. "யோவ், திருட்டுத்தனமா உள்ள பூந்தது பத்தாதுன்னு எங்க அண்ணனுக்கே போன் வேற பண்றியா? எங்க கம்பெனி ஃபைலைத் திறக்க நீ யாருய்யா?"

போனைப் பிடுங்க நீண்ட அண்ணனின் கை பாதியில் நின்றுவிட்டது. அவன் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தான்.

மறுமுனையிலிருந்த குரல், கோபமே இல்லாமல், தயங்கித் தயங்கிக் கேட்டது.

"இப்ப அது எங்க கம்பெனி மேடம்... உங்க அண்ணன் சொல்லலையா?"