பக்கத்து வீட்டு விசாரணை

பட்டுச்சேலை கட்டிய அந்த அம்மாள் காரிலிருந்து இறங்கி, பூட்டிக் கிடந்த மருதாசலத்தின் மாடி வீட்டை ஏற இறங்கப் பார்த்தாள். கூட வந்தவர் அடுத்த வீட்டுக் கேட்டைத் தட்டினார். சுப்பையன் வெளியே வந்தார்.

"ஏனுங்க, பக்கத்து ஊட்டுல ஆருமில்லீங்களா?"

"குடும்பத்தோட நாமக்கல் போயிட்டாங்க. நீங்க ஆருங்க?"

"சேலத்துல இருந்து வாரமுங்க. ஒரு கல்யாணத்துக்குப் போற வழி. அப்படியே அந்த ஊட்டுப் பையன் ரமேஷ்குமாரைப் பத்தி நாலு வார்த்தை விசாரிச்சுட்டுப் போலாம்னு..."

அவர் முடிப்பதற்குள் சுப்பையனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பெண் வீட்டார்! நாற்காலி இரண்டை அவரே தூக்கி வந்து போட்டார்.

இப்படி ஒரு நாளுக்காகத்தான் நாலு மாதமாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். அவர் எதிர்க்கட்சிக் கிளைச் செயலாளர். மருதாசலம் ஆளுங்கட்சிப் பிரமுகர். தொழிலெல்லாம் தலைநிமிர்ந்துவிட்டது, வேலைவாய்ப்பு முகாம் நடத்தி ரெண்டாயிரம் பேருக்கு வேலை கொடுத்துவிட்டோம் என்று மருதாசலம் ஜேடர்பாளையம் முழுக்க ஃபிளெக்ஸ் வைத்தார். அதில் பாதிப் பேர் ஏற்கெனவே வேலையில் இருந்தவர்கள், எல்லாம் பொய்க் கணக்கு என்று சுப்பையன் கலெக்டரிடம் மனு கொடுத்தார். தன் மகன் கௌசிக்கிடமும், முகாம் பக்கம் தலையைக் காட்டினால் காலை ஒடித்துவிடுவேன் என்று சொல்லிவைத்தார்.

மனுவுக்குப் பதிலாக மருதாசலம் மைக்கைப் பிடித்தார். "வேலை இல்லையாம்! சுப்பையன் மகன் இஞ்சினியருக்குப் படிச்சுப்புட்டுக் காவேரியில தூண்டில் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கறான். சோம்பேறிக்கு எந்த ஆட்சியிலீங்க வேலை கிடைக்கும்?" ஊரே சிரித்தது. மறுநாளே கௌசிக்குக்குப் பேசியிருந்த பெண் வீட்டார், ஜாதகம் சரியில்லை என்று ஒதுங்கிக்கொண்டார்கள்.

பெற்ற வயிறு மட்டுமா எரியும்? பெற்ற அப்பனுக்கும் எரிந்தது.

"ரமேஷ்குமார் பெங்களூருக் கம்பெனியில இருக்கறதாச் சொல்றாங்களே, நெசமுங்களா?" என்று அந்த அம்மாள் கேட்டாள்.

"அட, அவனை வேலையை உட்டு அனுப்பி எட்டு மாசமாச்சுங்க. ஊருக்கு வொர்க் ஃப்ரம் ஹோமுன்னு கதை உட்டுக்கிட்டுத் திரியறாங்க. மொட்டை மாடியில செல்போனைப் பார்த்துக்கிட்டு நடக்கறதுதான் அவன் வேலை."

"நல்லாத் தெரியுமுங்களா?"

"ரெண்டு ஊட்டுக்கும் ஒரே மதில் சுவருங்க. அவன் தும்முனாக்கூட எனக்குக் கேக்கும்."

"பையன் குணம் எப்படிங்க?"

சுப்பையன் யோசித்தார். எல்லாவற்றையும் குறை சொன்னால் பொறாமை என்று நினைத்துவிடுவார்கள். "பொய் சொல்லக்கூடாதுங்க. தங்கமான பையன், ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. வேலைதான் இல்லை."

வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். என்ன கூட்டம், குலக்கோயில் எது, காடு தோட்டம் எத்தனை ஏக்கர் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்தக் காலத்தில் பெண்ணைப் பெற்றவர்களுக்கு வேலை ஒன்றுதான் கணக்கு என்று சுப்பையன் நினைத்துக்கொண்டார்.

"இதே தெருவுல கௌசிக்குன்னு இன்னொரு பையன் இருக்காராமே?" என்றார் வந்தவர்.

சுப்பையனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மருதாசலம் வீட்டுக்கு வந்த சம்பந்தம் மதிலைத் தாண்டித் தன் வீட்டுக்கே வருகிறதே!

"என்ற பையன்தானுங்க! கோயமுத்தூருல பெரிய கம்பெனி. சேந்து ஒரு வருசமாச்சு, மாசம் நாப்பத்தஞ்சாயிரம் வாங்கறான்." கௌசிக் அந்நேரம் ஆற்றங்கரையில் தூண்டிலோடுதான் இருந்தான்.

"அப்படீங்களா? சந்தோசமுங்க." வந்தவர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து எழுதிவிட்டு நீட்டினார். "இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க."

"பொண்ணு பாக்கற விசயத்துக்குக் கையெழுத்து எதுக்குங்க?"

"பொண்ணா? நாங்க முகாமுக்கு வந்த கம்பெனி ஆளுங்க. வேலையில இருக்கறவங்களையே சேர்க்கறாங்கன்னு ஆரோ கலெக்டர்கிட்ட மனு குடுத்துட்டாங்க. அதுல இருந்து அக்கம்பக்கத்துல விசாரிச்சுட்டுத்தான் ஆர்டர் குடுக்கறோம்."

மருதாசலம் வைக்கப்போகும் அடுத்த ஃபிளெக்ஸ் சுப்பையன் கண்முன்னால் வந்து நின்றது.

"அப்ப... ரமேஷ்குமாருக்கு வேலைங்களா?"

"ஆமாங்க. உங்க வாசல்ல எதிர்க்கட்சிக் கொடி பறக்குது. நீங்களே அவருக்கு வேலை இல்லைன்னு சொல்றப்ப அதுக்கு மேல சாட்சி எதுக்குங்க? முகாமுல வெச்ச பரீட்சையில அவரு ரெண்டாவதுதான். மொத மார்க் வாங்குனவரு ஏற்கெனவே வேலையில இருக்கறாரு, அதனால இவருக்கு வந்துருச்சு."

சொன்ன வாயை மாற்றவும் வழியில்லை. சுப்பையன் கையெழுத்துப் போட்டார். எதிரிக்குச் சோறு போட்ட கை என்று அந்தக் கையையே வெறுத்தார்.

பட்டுச்சேலை அம்மாள் இன்னொரு தாளை நீட்டினாள்.

"இது வேற எதுக்குங்க?"

"உங்க கௌசிக்குக்கு வேலை இருக்குதுங்கறதுக்குங்க."