புகையாத அடுப்பு

பெட்டியைத் திறந்ததுமே இசக்கிமுத்துவுக்குப் பாதி உயிர் போய்விட்டது. கிழக்கு ஜெர்மனியிலிருந்து வந்த பழுப்பு நிலக்கரிக் கட்டிகள் சோப்புக் கட்டி மாதிரி வழவழவென்று அடுக்கியிருந்தன. இரண்டு மாதம் கப்பலில் உருண்டு வந்தும் ஒரு முனைகூட உடையவில்லை.

பக்கத்துப் பெட்டியில் அவனுடைய கட்டிகள். அதே அளவு அச்சு, அதே நிறம்தான். ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து குவார்ட்டர்ஸுக்கு ஒரு மைல் வருவதற்குள் பாதி உதிர்ந்து கிடந்தன.

"என் கட்டி ஓரம் உதிரும், அதுதான் கவலை" என்று யூர்கன் எழுதியிருந்தான். அடக்கத்துக்கு எழுதியிருக்கிறான் என்று இப்போது புரிந்தது.

யூர்கனும் இவனைப் போலவே ஆராய்ச்சிக்கு வந்து மூன்று வருஷமான இளைஞன். முகம் பார்த்ததில்லை, எல்லாம் கடிதச் சிநேகிதம்தான். புகையாத அடுப்புக்கரிக்கு ஆளுக்கொரு கலவை கண்டுபிடித்திருந்தார்கள்.

நெய்வேலி அடுப்பில் எது ஜெயிக்கிறதோ அது இருவர் பெயரிலும் பெர்லின் மாநாட்டுக்குப் போகும். ஜெயித்தவன் மேடையேறிப் பேசுவான். தோற்றவன் தன் கலவையைக் கைவிட வேண்டும். முடிவைத் தந்தியில் சொல்ல இன்றுதான், 1978 ஆகஸ்ட் பத்தாம் தேதிதான் கடைசி நாள். இசக்கிமுத்து ஆசைப்பட்டு, பஜார் தையற்காரரிடம் கோட்டுக்கு அளவுகூடக் கொடுத்திருந்தான்.

"கமலா, ரெண்டும் காஞ்சிருக்கா?" என்று மனைவியைக் கேட்டான். நேற்று அவன் கடலூர் போயிருந்தபோதுதான் இரண்டு பெட்டிகளும் வந்திறங்கின.

"மழையில நனைஞ்சிருச்சுங்க. காலையில வெயில்ல போட்டு எடுத்து வெச்சுட்டேன்."

பின்கட்டில் இரண்டு அடுப்புகள் மூட்டினார்கள். பிளாக்கிலிருந்து ஐந்து பெண்கள் வந்திருந்தார்கள். புகை நெஞ்சுக்குள் போய் என்ன செய்யும் என்று இசக்கிமுத்து கரும்பலகையில் படம் போட்டு விளக்கினான். எந்த அடுப்பில் யாருடைய கரி என்று மட்டும் சொல்லவில்லை.

அரைமணி நேரத்தில் பக்கத்து வீட்டு லூசியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"இடது அடுப்பு கண்ண கரிச்சுகினு கெடக்குது தம்பி. வலது அடுப்புல எரியறதே தெரியல. இந்தக் கரி எங்க கெடைக்கும்? எங்க வூட்டுக்கு ஒரு மூட்டை வேணும்."

மற்ற நாலு பேரும் வலது பக்கமே கையைக் காட்டினார்கள். இடது அடுப்பில் எரிந்தது அவன் பெட்டிக் கரி.

பொய் சொல்லியிருக்கலாம். யூர்கனா வந்து பார்க்கப் போகிறான்? ஆனால் அதற்கு இசக்கிமுத்துவுக்கு மனசு வரவில்லை. சைக்கிளை மிதித்துத் தபாலாபீஸ் போய், "உன் கலவையே சிறந்தது, வாழ்த்துகள்" என்று தந்தி கொடுத்துவிட்டு வந்தான். வழியில் தையல் கடைப் பக்கம் திரும்பவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் கலவைக் கணக்கெல்லாம் எழுதிய நோட்டை எடுத்தான். அதற்கு நகல் கிடையாது. வலது அடுப்பில் இன்னும் கனல் இருந்தது. அதன் முன்னால் உட்கார்ந்து, இரண்டு வருஷ உழைப்பை ஒவ்வொரு தாளாகக் கிழித்துப் போட்டான். அழுகை வந்தது. புகைதான் காரணம் என்று சொல்லிக்கொள்ள அந்த அடுப்பில் புகையும் இல்லை.

கமலா காபியோடு வந்தபோது நோட்டின் அட்டைதான் மிச்சம். டம்ளரை அவன் பக்கத்தில் வைத்தாள்.

"விடுங்க. ஃபாரின் கரியோட நாம போட்டி போட முடியுமா? பெட்டிய விட்டு எடுக்கறப்பவே நெனைச்சேன். வெயில்ல எல்லாம் ஒண்ணாக் கலந்துபோச்சு. திரும்பப் பிரிச்சு அடுக்கறதுக்குள்ள இடுப்பு ஒடிஞ்சுது."

இசக்கிமுத்து அட்டையைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினான்.

"எது யாருதுன்னு எப்படிப் பிரிச்சே?"

"இதுகூடவா தெரியாது? வழவழன்னு இருந்ததெல்லாம் ஃபாரின். உதிர்ந்து கெடந்ததெல்லாம் உங்களுது."