ஆம்பூரில் ஏது அலை?

ஷூ கம்பெனியில் சாம்பிள் செய்யும் லுப்னா, கோவளத்தில் அலைச்சறுக்குப் பலகை செய்யக் கற்று வந்திருந்தாள். வீட்டில் ஃபோமைச் செதுக்கி, கண்ணாடியிழைத் துணி சுற்றி, ரெசின் பூசினாள்.

கணவன் ஷாஹித் குழம்பினான். “ஆம்பூர்ல ஏது அலை?”

“நாளைக்கு அமிர்தி அருவிக்குப் போறோமே. இந்த வாட்டியாவது மககூடத் தண்ணில இறங்குங்க. சஹர் ஏங்குறா.”

“நான் கரையிலயே இருக்கேன்.” அவள் செய்ததை மூடியிருந்த துணிக்கு வெளியே நுனி மட்டும் தெரிந்தது. “ஷூவா இது? தோலைக் காணோமே?”

“தோல் தண்ணில ஊறிடும். இது ஊறாது.”

“ஒத்தக் காலுக்குத்தான் இருக்கு. கம்பெனில சாம்பிள் அனுப்புற மாதிரியா?”

“உங்களுக்கு ஒண்ணு போதும்ங்க.”

அவன் முழங்காலுக்குக் கீழே தோல்வாரால் கட்டியிருந்த செயற்கைக்காலைக் கழற்றிவிட்டு, புதியதைப் பொருத்தினாள்.

ஷாஹித் எழுந்து நடந்து பார்த்தான்.

“எனக்கும் மாத்துத் துணி எடுத்து வை” என்றான்.